மறுபடி சொல்லவும்

என் அப்பா உரிமம் வாங்கிய ஹாம் வானொலிக்காரர்; வீட்டிலிருந்தே வானொலி செட்டில் வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு மொட்டைமாடியில் அவர் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் அம்மா ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட முடியாது. விதிகளுக்கோ முடிவே கிடையாது. பாட்டு போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, அடுத்தவருக்காகச் சேதி சொல்லக் கூடாது, உரிமம் இல்லாதவர் மைக்கில் வாயே திறக்கக் கூடாது. தெருவில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலத்தில் இவர் யாரிடம் என்னதான் பேசுகிறார் என்று தோன்றும்.

பேசியது பெரும்பாலும் பெரியப்பாவிடம். திருநெல்வேலியிலிருந்து அவர் ஞாயிறு காலைகளில் தமிழ் ஹாம்களை ஒவ்வொருவராக அழைத்து வருகைப் பதிவு எடுப்பார். பின்னணியில் டிவி பாட்டு கேட்டால்கூட அதட்டுகிற மனிதர். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் விடுபட்டதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் போன் பேச்சு நின்றுபோயிற்று. வானொலியில் மட்டும், "ஐந்து ஒன்பது, இங்கே வெயில்" என்பார்கள். ஐந்து ஒன்பது என்றால் குரல் துல்லியமாகக் கேட்கிறது என்று பொருள்.

பெரியப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்து வந்த முதல் ஞாயிறு அது.

"கண்ணு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவிய?" என்றாள் அம்மா.

"வீட்டுப் பேச்செல்லாம் இதுல பேசப்புடாது. ரூல் இருக்கு."

நலம் விசாரிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை என்பது, நான் வளர்ந்து அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

பெரியப்பா அழைத்தார், அப்பா குரல் கொடுத்ததும் எங்கள் குரல் ஐந்து ஒன்பது என்றார். அப்பா பதிலுக்கு மைக்கை அழுத்தினார், வெயில் என்றார், பிறகு பேசாமலே அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு ஒன்பது வயது; தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. என்ன தோன்றியதோ, எட்டி, "பெரியப்பா, கண்ணு தெரியுதா?" என்று மைக்கில் கேட்டுவிட்டேன்.

அப்பாவின் கை சட்டென்று விட்டது. "போச்சு, லைசென்ஸ் போச்சு" என்றார். செட்டில் வெறும் இரைச்சல்.

பிறகு பெரியப்பாவின் குரல் வந்தது: "சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லவும்."

அப்பா என்னைப் பார்த்தார். மைக்கை அவரே அழுத்தி என் வாயருகே பிடித்தார். சொன்னேன்.

"இப்பவும் கேக்கல. இன்னொரு தடவை சொல்லும்மா."

எரிச்சலில் கத்தியே சொன்னேன்.

"தெரியுதும்மா," என்றார் பெரியப்பா. "நல்லாத் தெரியுது."

அப்பா குறிப்பேட்டை இழுத்து, எங்கள் குரல் அங்கே கேட்ட தரம் ஐந்து ஒன்பது என்று பென்சிலால் எழுதினார். இரண்டு முறை சொல்லியும் கேட்காதவருக்கு ஐந்து ஒன்பதா? அப்பா பதற்றத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, என் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.