பெயர் இல்லாத கேட் பாஸ்

ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் செய்து கொடுத்த கேட் பாஸ் இணையதளம். அதன் டேட்டாபேஸ் டேபிளில் பெயருக்கு இருந்த ஒரே கட்டத்தை என்னோடு வேலை செய்யும் சுரேஷ் நேற்று இரண்டாக்கினான். தெலுங்கில் இன்டிபேரு என்கிற குடும்பப் பெயருக்கு ஒன்று, சொந்தப் பெயருக்கு ஒன்று.

ஒரே வார்த்தையில் பெயர் இருந்தால் புதிய கட்டங்களுக்கு நகலெடுக்காமல் தாண்டிப் போகும்படி எழுதியிருக்கிறான். கையோடு பழைய கட்டத்தையும் அழித்துவிட்டான்.

காலையில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சத்தியவேட்டு செல்வி போன் செய்தார்.

“மேடம், ஸ்கேன் பண்ணா என் பேரே வரலையாம். உள்ள உடமாட்டேன்றாங்க. கேட்லயே நின்னுக்கினு கீறேன், அரைநாள் லீவு போட்டுடுவாங்க.”

சுரேஷிடம் கேட்டேன். “பேக்கப் எங்க?”

“டெஸ்ட்ல சரியாதான வந்துச்சு?”

“யாரு பேரப் போட்டு டெஸ்ட் பண்ண?”

“நம்ம ஆபீஸ் ஆளுங்க பேருதான். இன்டிபேரு இல்லாம யாராவது இருப்பாங்களாக்கா?”

அந்தப் பட்டியலில் நான் இல்லை; எனக்கும் இன்டிபேரு கிடையாது. இரண்டு வருடமாக அவன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செல்விக்கு அரைநாள் போனது போனதுதான். பேக்கப் இல்லாததால், பெயர் அழிந்துபோனவர்களை மாலை வரை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

இன்டிபேரு இல்லாதவர்கள் கமென்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நான் எதையும் அழிக்க மாட்டேன்.