முப்பத்தாறு வயதில் மூச்சு விடக் கற்றேன்

கிணற்றில் முதன்முதலாக இறங்கியபோது எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள் பெற்றிருந்தேன். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. வெளிநாட்டு ஆர்டர் கடிதங்களைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து அடித்து அடித்து, இடுப்பு வலியில் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாத நிலைமைக்கு வந்திருந்தேன்.

வேலூரில் நான் பார்த்த எலும்பு டாக்டரம்மா என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல. தசைதான் பலமில்லாம இருக்கு. நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க டாக்டர்."

"கத்துக்குங்க. உடம்பு எடைய தண்ணி தாங்கிக்கும். வலியில்லாம முதுகுக்கு வேல குடுக்கலாம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாலாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. எங்கே போய் நீந்துவது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் இதைப் பேக்கிங் செக்‌ஷன் தோழியிடம் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள். மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருபவள்.

"இதுக்குப் போயா பேஜாராவுற?" என்றாள். "எங்க வீட்டுக் கெணறு எதுக்கு இருக்குது? ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் நேரா வந்துடுக்கா."

எங்கள் தெருக் கிணறுகளில் தோல் கம்பெனிக் கழிவுத் தண்ணீர் இறங்கி, வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. அவள் ஊர்க் கிணறோ எட்டுப் படி கீழே வரைக்கும் கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. என் வீட்டுக்காரரின் பழைய பைஜாமாவை முழங்காலுக்குக் கீழே வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன். மேலே அவருடைய அரைக்கைச் சட்டை. இடுப்பில் கயிறு, கையில் லாரி டியூப். அவள் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேல்படியிலிருந்து குதித்தாள். அடுத்த நிமிஷம் எதிர்ப்பக்கம் இருந்தாள்.

"எப்படிம்மா போன?"

"நீந்திதான்கா போனேன். வேற இன்னா?"

அவளுக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். ஐந்து வயதில் அண்ணன்மார் தூக்கிப் போட்டுக் கற்றவள் அவள். என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை அவள் பிடித்துக்கொள்ள, நான் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கைகாலை அடித்தேன். பத்து அடி போவதற்குள் மூச்சு முட்டியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனதும் இடுப்போடு கழுத்தும் பிடித்துக்கொண்டது.

கோபத்தோடு வேலூருக்குப் பஸ் ஏறினேன். "நீங்க சொன்னதச் செஞ்சேன் டாக்டர், வலி ஜாஸ்திதான் ஆச்சு" என்றேன்.

டாக்டரம்மா அசரவில்லை. "நீந்தறப்ப தலை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"மேலதான். கீழ வெச்சா மூழ்கிட மாட்டேனா?"

"அங்கதான் கோளாறு. தலையத் தூக்கினா இடுப்பு கீழ போயிடும், முதுகு வில்லு மாதிரி வளையும். முகத்தத் தண்ணிக்குள்ள வைங்க. கிணத்தோட அடிய பாருங்க. மூச்ச அடக்காதீங்க, தண்ணிக்குள்ளயே மூக்கால ஊதி விட்டுடுங்க. அப்புறம் தலைய பக்கவாட்டுல திருப்பினாப் போதும், காத்து தானா உள்ள வரும்." மேஜைமேல் கையை நீட்டி, தோளைச் சாய்த்துச் செய்தும் காட்டினார். "பெரியவங்க எல்லாரும் மூச்சு இழுக்கறதுக்குத்தான் பயப்படறாங்க. விடறதுதான் முதல்ல கத்துக்கணும்."

அன்று சாயங்காலமே சமையலறை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை முக்கினேன். ஊதினேன். தலையைத் திருப்பி இழுத்தேன். மறுபடியும் முக்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

நான் முகம் சொட்டச் சொட்ட விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சட்டையைக்கூட மாற்றாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இப்ப ஒன்பது செகண்டு ஊதின. இப்ப பன்னெண்டு!" பிள்ளைகள் இரண்டும் கைதட்டின. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை தோழியிடம் இதைச் சொன்னேன். "முகத்த உள்ள வெச்சா நீந்துவாங்க?" என்று அவளும் முயற்சி செய்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, படியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அத்தனை வருஷம் நீந்தியவள் என்னோடு சேர்ந்து புதுசாய்க் கற்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் கல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குமிழி விட்டோம். நடுநடுவே சிரிப்பு வேறு வந்து காரியத்தைக் கெடுத்தது.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, படியைக் காலால் உதைத்துக் கையை முன்னால் நீட்டி முகத்தைக் கவிழ்த்தேன். உடம்பு நீளமாய் மிதந்தது. முட்டியை மடக்காமல் தொடையிலிருந்து காலை அசைத்தேன். ஊதினேன், திருப்பினேன், காற்று வந்தது. இன்னொரு முறையும் வந்தது. கை எதிலோ இடித்தது. நிமிர்ந்தால் எதிர்ச்சுவர்!

"அக்கா! கயிறு என் கையில இல்லக்கா! எப்பவோ விட்டுட்டேன்!" என்று அவள் மறுபக்கத்திலிருந்து கத்தினாள்.

உடனே திரும்பப் போனேன். மறுபடி வந்தேன். அவள் போதும் போதும் என்று கத்தும்வரை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள், விடிந்ததும் கிணறு. வெறும் வயிறு, ஒரு டம்ளர் டீ மட்டும். முதலில் மெதுவாக நாலு சுற்று, நின்று மூச்சு வாங்கி, அப்புறம் கொஞ்சம் வேகமாக. தோள் வலித்தால் அன்றைக்குக் கால் மட்டும். நடுவில் ஒரு தடவை காதில் தண்ணீர் நின்றுவிட்டது என்று ஹேர்பின்னில் பஞ்சைச் சுற்றிக் குடைந்தேன். காது வீங்கி, மருந்து விட்டுக்கொண்டு இரண்டு வாரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். தலையைச் சாய்த்துத் தண்ணீரைத் தானாக வழிய விட வேண்டும் என்பதை அந்த இரண்டு வாரம் நன்றாகக் கற்றுக்கொடுத்தது. ஆனால் இடுப்பு? ஒருநாள் ஆபீசில் மானேஜர் கூப்பிட்டதும் நாற்காலியைத் தொடாமல் எழுந்து நடந்து போயிருக்கிறேன். பாதி வழியில்தான் அது எனக்கே உறைத்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. அவள் ஊர் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கடைவாசல் தாண்டி வழிந்தது. மழை விட்டு, தண்ணீர் தெளிந்து, மதகில் பாயும் வேகமெல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போலாமாக்கா?" என்றாள்.

"எங்க?"

முகவாயால் அக்கரையைக் காட்டினாள். "போலாம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி டியூபில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை அவள் இடுப்பில் முடிந்தோம். என் வீட்டுக்காரர் சைக்கிளோடு ஏரிக்கரைமேல் நின்றார். நீச்சல் தெரியாத மனிதர். முகம் வெளுத்திருந்தாலும், "கணக்கு சரியாத்தான் இருக்கு, கிணத்துல இதவிட ஜாஸ்தி நீந்தியிருக்க" என்று தைரியம் சொன்னார்.

தண்ணீர் மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். கிணற்றில் சுவர் இருக்கும், இங்கே எதுவும் இல்லை. அடியும் தெரியவில்லை. பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி எதிர்க்கரைப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டேன். பாதி தாண்டியிருப்போம், வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. "அம்மா!" என்று கத்தியதில் ஒரு வாய் ஏரித் தண்ணீர் உள்ளே போனது.

அவள் பதறவில்லை. டியூபை என் பக்கம் தள்ளினாள். "புடிச்சுக்க. மல்லாக்கப் படு. தண்ணி எங்கயும் போயிடாது, மெதுவா."

டியூபில் ஒரு கையைப் போட்டு மிதந்தபடி, கால் கட்டைவிரலை என் பக்கமாக வளைத்து இழுத்தேன். உயிர் போகிற வலி. மேலே வானம் நீலமாய் இருந்தது. கரைமேல் என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டே ஏதோ கத்துவது கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தசை விட்டுக்கொடுத்தது.

"திரும்பலாமாக்கா?"

"அந்தக் கரை கிட்டக்க இருக்குதா, இந்தக் கரையா?"

அவள் பார்த்தாள். "அந்தக் கரதான்."

"அப்ப அங்கயே போலாம்."

காலை அதிகம் உதைக்காமல் கையாலேயே இழுத்தேன். பனைமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கால்விரலில் சேறு தட்டுப்பட்டதும் எழுந்து நின்று, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். என் வீட்டுக்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் செருப்போடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார்.

"இன்னொரு வாட்டி போலாமா?" என்றேன்.

"ஆள விடுக்கா! இழுத்த கால வெச்சிக்கினு இன்னிக்கி ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள்.

டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைமேலேயே நடந்து திரும்பினோம். நனைந்த துணி உடம்போடு ஒட்டிச் சொட்டியது. எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னாம்மா, ஏரில வுழுந்துட்டீங்களா?"

"வுழலங்க" என்று நான் முந்திக்கொண்டேன். "அந்தக் கரையிலருந்து இந்தக் கரைக்கு நீந்தினோம்."

அவர் நம்பவில்லை. அதனால் மொத்தக் கதையையும் முதலிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.