வாசிக்கப் பழக வந்தவர்

கொக்குவிலில் பியானோ கற்பித்த நாட்களில் வயதையோ திறமையையோ பார்த்து நான் யாரையும் தட்டிக்கழித்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளையும் வந்தது, பென்சன் எடுத்த அரசாங்க உத்தியோகத்தரும் வந்தார். கல்யாணப் பேச்சில் 'பெண் பியானோ வாசிப்பாள்' என்று சொல்வதற்காகவே ஒரேயொரு பாட்டைப் பழகிக்கொண்டு நின்றுவிடும் பெண்களும் உண்டு. யார் வந்தாலும் கற்றுக்கொடுப்பேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

உலகச் சண்டை இன்னும் ஐரோப்பாவோடு நின்ற காலம். ஒரு காலை, குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஓலைக் கடகத்தை வாசலில் இறக்கிவிட்டு விறாந்தையில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"அம்மா, இஞ்சை எந்த வயசு ஆக்களுக்கும் வாசிக்கப் பழக்கிறியளாம். எனக்கும் பழக்குங்கோ."

அவர் கேட்டது எழுத்து வாசிக்க. மலாயாவுக்கு வேலைக்குப் போன மகன் கடிதம் போடுவான், சந்திக் கடைக்காரர் வாசித்துச் சொல்வார், பதிலும் அவரே எழுதிப் போடுவார். "ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறான். அவர் சாமான் நிறுத்துக்கொண்டே நாலு வசனத்திலை முடிக்கிறார். மிச்சம் என்னெண்டு நானே பாக்க வேணும்."

பியானோவின் முன் பாடத்துக்கு இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

"இது பியானோ வாசிக்கிற இடம். உதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"பிழையா விளங்கிப்போட்டன், குறை நினையாதேங்கோ," என்று சொல்லிக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். கடிதத்தைக் கொண்டுவாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம்.

அடுத்த வருடம் மலாயா யப்பான்காரன் கைக்குப் போனது. கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். கடிதம் வாசித்துச் சொல்ல வந்தேன் என்றதும் அவர் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார்.

"உதுதான் கடைசி. அதுக்குப் பிறகு வரேல்லை."

முதல் பக்கத்தில் சுகம், மழை, மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடன். மறுபக்கத்தில் இப்படி இருந்தது: 'காசு சேர்க்காமல் வராதே என்று சொல்லி அனுப்பினீர்கள். என்னால் இங்கே இருக்க முடியவில்லை, அம்மா. வா என்று ஒரு சொல் எழுதுங்கள், அடுத்த கப்பலில் வந்துவிடுவேன்.'

திகதியைப் பார்த்தேன். அவர் என் விறாந்தைக்கு வருவதற்கு ஒரு மாதம் முந்தியது. அப்போது கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரர் எழுதிப் போட்ட, அந்தச் சொல் இல்லாத பதிலைப் பார்த்து மகன் என்ன நினைத்திருப்பான்? என்னை நானே வெறுத்தேன்.

ஒரு சுரத்தை விட்டாலும் பிள்ளைகளின் விரலில் அடிப்பவள் நான்.

"சுகமா இருக்கிறாராம். அங்கை ஒரே மழையாம். நேர்த்தியை மறக்க வேண்டாமாம்," என்று வாசித்தேன்.

"மற்றப் பக்கத்திலையும் எழுத்து இருக்கு, அம்மா."

"அதிலையும் அதுதான் எழுதியிருக்கு."

அவர் நம்பவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.