குண்டூசி குத்திய பக்கங்கள்

எங்கள் சித்தப்பா தினசரியில் சினிமா விளம்பரத்தைத் தாண்டி எதையும் படிக்காதவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கோடை விடுமுறை முழுவதும் நாவல் படித்தார். ஆசைப்பட்டுப் படித்தார் என்று சொல்லமாட்டேன். வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கி, கை கால் கழுவி, காபி குடித்ததும் கூடத்து டியூப் லைட்டுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்காருவார். பரீட்சைக்குப் படிக்கிற பையனைப் போல உதடு அசைய அசைய வரி வரியாகப் போவார். பக்கத்தில் ஒரு டப்பாவில் குண்டூசி இருக்கும். திடீரென்று முகம் மாறும். இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் ஒரு ஊசியைக் குத்திவிட்டு, பெரிய ஆபத்தைத் தாண்டியவர் மாதிரி மூச்சு விடுவார்.

எல்லாம் சித்திக்காக. சித்தி வயிற்றில் குழந்தை இருந்தது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போதாததற்கு என் அம்மாவும் வந்து ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனாள். சித்தி பயப்படக் கூடாது, அழக் கூடாது, சாவு என்கிற பேச்சே அவள் காதில் விழக் கூடாது. சித்தி பயந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. ஆனால் சித்தியோ கதைப் பைத்தியம். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவிப் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவாள். நல்லதாக நடக்கிற கதைகளை மட்டும் படி என்று அம்மா சொன்னபோது, "யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா அதை எதுக்குக்கா எழுதணும்?" என்று கேட்டாள். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். சித்தப்பா முதலில் படித்து, ஆகாத பக்கங்களை ஊசி குத்தி மூடிவிட வேண்டும். அவர் படித்த மட்டுக்கும்தான் சித்தி மறுநாள் படிக்கலாம்.

முழுப் பரீட்சை லீவு விட்டதும் குரோம்பேட்டையிலிருந்து என்னை இரும்புலியூருக்கு, சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பகலில் சித்திக்குப் பேச்சுத் துணை என்றார்கள். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போனதற்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு எதுவும் கிடையாது. சித்தி வீட்டிலோ தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து வாடகை நூலகத்திலிருந்து பழுப்பு அட்டை போட்ட புத்தகங்கள் சைக்கிள் கேரியரில் வந்துகொண்டே இருந்தன.

ஒருநாள் சித்தப்பாவோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பொஸ்தகத்துக்கு ஜுரமா கீது? ஊசி ஊசியா போட்டு இட்டாந்துக்கிறியே" என்றார். சித்தப்பா அசடு வழியச் சிரித்தார். உண்மையில் அவர் நல்ல தணிக்கை அதிகாரி இல்லை. கத்தி என்று வந்தால் போதும், கத்திரிக்காய் நறுக்குகிற இடத்தைக்கூட மூடிவிடுவார். யாரும் சாகாமல், யாரோ ஜன்னலுக்கு வெளியே சும்மா நின்றுகொண்டிருக்கிற பக்கங்களை விட்டுவிடுவார். உடம்பு நடுங்க வைப்பவை அந்தப் பக்கங்கள்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

குத்திய பக்கங்களை நான் தொடவே கூடாது என்று உத்தரவு. தொடக் கூடாது என்றால் தொடாமல் இருக்கிற பிள்ளை நான் இல்லை. ஓரத்தில் ஊசி இருந்தாலும் தாள்கள் மேலேயும் கீழேயும் திறந்துதானே இருக்கும்? பட்டாணிப் பொட்டலத்துக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். வரிகள் பாதி பாதியாகத்தான் தெரியும். பாதி வரியைப் போலப் பயங்கரமானது உலகத்தில் இல்லை. மீதியை நாமே எழுதிக்கொள்கிறோம், கைக்கு வந்தபடி எழுதிக்கொள்கிறோம். சித்தி அந்த விடுமுறையில் நல்ல பக்கங்களாகப் படித்தாள். நான் வெறும் கொலையும் ரத்தமுமாகப் படித்தேன்.

பயம் எனக்கு இருட்டியபின் வரவில்லை. இருட்டியபின் சித்தப்பா இருந்தார். பயமெல்லாம் மத்தியானத்தில்தான். மே மாத வெயிலில் தெருவில் ஒரு நாய் இருக்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி போய் அடங்கினால் வீட்டுக்குள் மேசை விசிறியின் சத்தம் மட்டும்தான். கொல்லைப்புறத்தில் இருந்த கக்கூசுக்குத் தனியாகப் போக மாட்டாமல் சித்தப்பா வரும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பேன். சமையலறைப் பரண்மேல் கோணி சுற்றி ஏதோ ஒன்று இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க, பானையில் தண்ணீர் மொள்ளப் போகும்போது தரையையே பார்த்துக்கொண்டு போவேன். ஆனால் பயத்தை வெளியே காட்டவும் முடியாது. நான் பயந்தால் சித்தி பயப்படுவாள், சித்தி பயந்தால் குழந்தைக்கு ஆகாது. சிரித்த முகத்தோடு பயப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஏற்காட்டு பங்களா கதை வந்து சேர்ந்தது. தலையணை கனத்துக்கு ஒரு நாவல். கல்யாணமாகி மலைக்கு வருகிற ஒரு பெண், பங்களாவில் பூட்டியே கிடக்கும் ஓர் அறை, அறைக்குள் ஒரு தொட்டில். பாதிக் கதையில் அந்தப் பெண் கர்ப்பமாகிறாள். அதற்கு அடுத்த பக்கங்களில் சித்தப்பா ஒன்றுக்கு இரண்டாக ஊசி குத்தியிருந்தார். சித்தி கண்ணயர்ந்ததும் நான் தாளை வளைத்து எட்டிப் பார்த்தேன். "படியில் வழுக்கி" என்று தெரிந்தது. ரத்தம் என்று தெரிந்தது. அதற்கும் கீழே, ஒரு முழு வரி, சின்ன வரியாக இருந்ததால் முழுதாகவே தெரிந்தது: "குழந்தை அழவேயில்லை." அதற்கடுத்த வரியில் தொட்டிலைப் பரணில் ஏற்றச் சொன்னார்கள்.

புத்தகத்தைக் கட்டில் ஓரத்திலேயே போட்டேன். சமையலறைக்குள் எட்டிப் பரணைப் பார்த்தேன். கோணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிசல் வழியே தொட்டிலின் மரக்கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கனமாகத் தூசி படிந்திருந்தது. கதை புத்தகத்திலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. வரப்போகிற குழந்தைக்கு வாங்கிய தொட்டிலில் எப்படி இவ்வளவு பழைய தூசி இருக்கும் என்று கேட்கிற புத்தி அப்போது இல்லை.

கூடத்துக்கு ஓடி வந்தால் சித்தி விழித்துக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். "நீ எட்டிப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியும்டி. அந்த ஊசி போட்ட இடத்துல என்ன ஆகுதுன்னு சொல்லேன்" என்றாள்.

 உண்மையைச் சொன்னால் குழந்தை போய்விடும். தெரியாது என்றால் தானே ஊசியை உருவிப் பார்ப்பாள். புத்தகத்தை வாங்கினேன், தாளை வளைத்தேன், படிப்பது போல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் படியில் வழுக்கியது நிஜம், ஆனால் தோட்டக்காரர் ஓடி வந்து பிடித்துவிட்டார். அதிர்ச்சியில் வலி எடுத்து, பெண் குழந்தை பிறந்துவிட்டது.

"குழந்தை அழுதுச்சா?" என்று சித்தி கேட்டாள்.

"அழுதுச்சு சித்தி."

"நல்லா அழுதுச்சா?"

"மலையே எதிரொலிச்சுதாம்" என்றேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

தப்பித்தோம் என்று நினைத்த மறு நிமிடமே ஒன்று உறைத்தது. புத்தகத்தில் இன்னும் பாதி மீதி இருந்தது. அந்தப் பாதியில் குழந்தை எங்கேயும் இருக்காதே! சித்தப்பா வருவதற்குள், சித்தி மறுபடி தூங்கிய நேரத்தில், குண்டூசி டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை குத்தித் தள்ளினேன். விரலிலும் இரண்டு தடவை குத்திக்கொண்டேன். மாலையில் சித்தி புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "ஏங்க, கடைசி வரைக்கும் குத்திட்டா நான் என்னத்தைப் படிக்கிறது?" என்றாள். சித்தப்பா புத்தகத்தைப் பார்த்தார், காலி டப்பாவைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "ஆமா, அத்தனையும் மோசம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். அந்த நல்ல மனிதருக்கு நான் கோயில் கட்டலாம்.

அதன்பின் தினமும் மத்தியானம் கதை என் தலையில் விழுந்தது. சித்தி புத்தகத்தை நீட்டுவாள். நான் தாளை வளைத்துக்கொண்டு அளப்பேன். குழந்தைக்குச் சுருட்டை முடி வைத்தேன். பல் முளைக்க வைத்தேன். பூட்டிய அறையைத் திறந்து வெள்ளையடித்தேன். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல் நாள் கதையை மறுபடி கேட்பாள். பிறந்ததும் அழுததா, எவ்வளவு நேரம் அழுதது, யார் கையில் வாங்கினார்கள். ஒரு வரி மாறினாலும் கண்டுபிடிப்பாள்.

ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகாத கதையை எத்தனை நாள் ஓட்டுவது? கதை சூடு பிடிக்கட்டும் என்று ஒரு மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல் வரவழைத்தேன். டாக்டர் கீழே சேலத்தில் இருக்கிறார், மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது என்று சேர்த்துக்கொண்டேன். சித்தி என் கையைப் பிடித்தாள். "அப்புறம்? சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பிடி இறுகியது. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "எதிர் வீட்டு டீச்சரைக் கூப்பிடு, ஓடு" என்றாள்.

செருப்பில்லாமல் தார் ரோட்டில் ஓடினேன். கால் பொத்துப்போனது மறுநாள்தான் தெரிந்தது. டீச்சர் ஆட்டோ பிடித்து வந்து, சித்தியை ஏற்றி, சித்தப்பா கம்பெனிக்குப் போன் பண்ணச் சொல்லி யாரையோ அனுப்பி, என்னையும் பக்கத்தில் திணித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில், பினாயில் நாற்றத்துக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் ஏற்காட்டு பங்களா என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். உள்ளேயிருந்து சித்தியின் குரல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

நான்தான் காய்ச்சலைக் கொடுத்தேன், நான்தான் மண் சரிய வைத்தேன். டாக்டர் இன்னும் சேலத்திலேயே இருக்கிறார். கதையை அப்படியே விட்டால் உள்ளே என்ன ஆகும்? புத்தகத்தை மார்போடு சேர்த்து அணைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முணுமுணுவென்று மீதியைச் சொன்னேன். மண்ணை அள்ளிவிட்டார்கள். ஜீப் வந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தை அழுதது, நன்றாக அழுதது, அழுதுகொண்டே இருந்தது. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் டீச்சர். பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்து, நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் எல்லாம் "ஆமென்" சொன்னார்.

வெயில் இறங்கும் நேரத்துக்குச் சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையனா பெண்ணா என்றுகூட அவர் சொல்லவில்லை. "அழுதுச்சு டீச்சர். நல்லா அழுதுச்சு" என்றார். டீச்சரும் அழ ஆரம்பித்தார். ஒரு குழந்தை அழுததற்கு இரண்டு பெரியவர்கள் இப்படி அழுவானேன் என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

மாதம் நிறையாமல் பிறந்த என் தங்கையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். விடுமுறை முடிவதற்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொடுக்கும் முன் ஊசிகளை எல்லாம் உருவியிருந்தோம். கடைக்காரர் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னா சார் இது, சல்லடையாட்டம்" என்றார். ஊசி இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி ஓட்டை இருந்தது. சித்தப்பா குத்திய பக்கங்களில் மட்டுமில்லை, நான் குத்தியவற்றிலும் கடைசிவரை இருந்தது. "நான் ஒரு தடவைதாம்பா குத்தினேன்" என்று சித்தப்பா சத்தியம் பண்ணினார். அவருக்குக் கை நடுங்கியிருக்கும், எனக்கும் நடுங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து, என் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். சித்திக்கு இந்தத் தங்கைக்கு முன்னால் ஒன்று பிறந்ததாம். மாதம் நிறைந்து, சுருட்டை முடியோடு, பெண் குழந்தை. பிறந்து அழவேயில்லையாம். வாங்கி வைத்திருந்த தொட்டிலைக் கோணியில் சுற்றிப் பரணில் போட்டார்களாம். குழந்தைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லையாம். அந்தப் புத்தகத்தில் கடைசிவரை இருந்த இரண்டாவது ஜோடி ஓட்டைகள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தன.

அன்றைக்கு அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சித்திக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.