கண்ணை மூடிப் பார்த்த உப்பு

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் ஓர் உப்பு வளர்ந்துகொண்டிருந்தது!

(ஆமாம், வளர்ந்தது. எழுத்துப்பிழை இல்லை.)

எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காக.

கொதித்த தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற வரைக்கும் கல் உப்பைக் கரைத்து ஒரு பாட்டிலில் வடிகட்டினேன். சின்ன உப்புத் துணுக்கு ஒன்றை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டேன்.

முதல் தடவை பாட்டிலை இறுக்கி மூடிவிட்டேன். தண்ணீர் வற்றினால்தானே உப்பு வளரும்? ஒன்றுமே நடக்கவில்லை!

அடுத்த தடவை மெல்லிய துணியால் மூடி, அசையாமல் அலமாரியில் வைத்தேன்.

"ஏட்டி, ஒரு சேலை எடுக்க விடமாட்டுக்கியே!" என்று அம்மா தினமும் திட்டினாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் நூலைத் தூக்கினேன்.

விரல் நகம் அளவுக்கு, கண்ணாடி போல ஒரு கனசதுரம்!

அப்போது பக்கத்து வீட்டு ஜெபா வந்தாள். என் வயதுதான். பிறவியிலேயே பார்வை கிடையாது. விடுதியில் தங்கிப் படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள்.

"எங்க, காட்டு பாப்போம்" என்று கையை நீட்டினாள்.

கீழே விழுந்தால்? கை வியர்வையில் கரைந்தால்? வேறொன்று வளர்க்க நேரமே இல்லை.

ஆனாலும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

விரல் நுனியால் பைய தடவினாள்.

"ஏட்டி, இதுக்கு மூலை இருக்கு!"

"ம்."

"எல்லாப் பக்கமும் வழவழன்னு நேரா இருக்கே. யாருட்டி வெட்டுனா?"

"யாரும் வெட்டல. அலமாரிக்குள்ள தானா வளந்துட்டு."

"அந்த இருட்டுக்குள்ளயா? எங்க திரும்பணும்னு அதுக்கு யாரு சொன்னா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் பார்த்த நான் அதைக் கேட்கவே இல்லையே!

மறுநாள் கண்காட்சியில் என் மேசையில் ஓர் அட்டை வைத்தேன்: 'கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள்.'

பக்கத்து மேசையில் எரிமலை நுரை கக்கியது. (பரிசும் அதற்குத்தான்!) ஆனால் வரிசை நின்றது என் மேசையில்.

மதியத்துக்குள் மூலைகள் மழுங்கத் தொடங்கின.

அறிவியல் டீச்சர் வேகமாக வந்தார்.

"ஏட்டி, இப்படி எல்லாரையும் தொடவிட்டா கரைஞ்சிரும்லா?"

"கரையட்டும் டீச்சர்."

என்னை முறைத்தார். அட்டையை வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

வைத்தேன்.

"எம்மா!" என்றார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவே இல்லை.

நீங்கள் உப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? (குழம்புக்கு அள்ளிப் போடுவதெல்லாம் கணக்கில் வராது!)