பலாவும் கருங்காலியும் சேர்ந்த பேனா

என் வீட்டில் மரச் சாமான் எதையும் கண்ணில் படும்படி வைக்க முடியாது. லுக்குட் டவுனில் மோட்டார் பட்டறையில் வேலை முடிந்து வந்ததும், என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் வாசலில் இருக்கும் சின்னக் கடைசல் மெஷினைத் தட்டிவிடுவார். உடைந்த கரண்டிக் காம்பு, காய் வெட்டும் பலகை, கட்டில் கால் எல்லாம் துண்டு துண்டாகி, ஒட்டப்பட்டு, பேனாவாகிவிடும். துண்டுகளுக்கு நடுவே மின்னும் வெள்ளிக் கோடு வேறொன்றுமில்லை, குளிர்பான டின்னை வெட்டிய தகடு. "பொண்டாட்டியத் தவிர எல்லாத்தையும் கடைஞ்சிட்டேன்லா" என்று வருகிறவர்களிடம் பெருமை பேசுவார்.

எங்கள் மகள் ரதியின் கல்யாணப் பதிவுக்கும் அவர் பேனாதான் என்று முடிவானது. மாப்பிள்ளை முகுந்தனின் அம்மா பராசக்தி, தன் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, கூலியாட்களின் பேர் பதியும் செக்ரோலில் கோடு போட்ட கருங்காலி ரூல்தடியைக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் அதே மாதிரிச் செக்ரோலில் வெறும் பேராக இருந்தவர்கள். எங்கள் பக்கத்துக்கு நான் தேங்காய் துருவும் பலாப் பலகையைக் கொடுத்தேன். இந்தச் சம்பந்தத்தை வாயில் போட்டு மென்றவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. அதனால் இரண்டு மரமும் சரிபாதி இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை துண்டுகளை வெட்டித் தட்டில் வைத்தார். வியாழன் ஒட்டினார். வெள்ளியன்று மெஷினில் ஏற்றி உளியை வைத்ததும் பலாத் துண்டு ஒன்று பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. மறுபடி ஒட்டினார். மறுபடியும் அதே கதை. ஞாயிறு காலையில் கோயிலில் பதிவு. பலகையில் பூச்சி அரிக்காத இடமும் அவ்வளவுதான், புதுத் துண்டு வெட்ட வழியில்லை.

"கருங்காலி நிக்குது, பலாதான் பிடிக்க மாட்டேங்குது. என் கைதான் போச்சி போல. முழுசா ரூல்தடியிலேயே செஞ்சிடவா, தனம்?" என்றார். முப்பது வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

எங்கள் மரம் மட்டும் ஒட்டாதாமா? அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, புதன்கிழமை நீங்க குளிக்கப் போனப்ப, பலாத் துண்டுக்கெல்லாம் நல்லெண்ணெயில மஞ்சள் கொழச்சித் தடவி, தொடச்சி வெச்சேன். நல்ல காரியத்துக்குப் போற சாமான், வெறுமனே போகலாமா? கருங்காலி அவங்க வீட்டுது, அதத் தொடல."

பலாவே மஞ்சள் நிறம். அவருக்கு எப்படித் தெரியும்?

"எண்ணெ குடிச்ச மரத்துல எந்தப் பசைடி ஒட்டும்? கை போச்சின்னு நான் செத்துக்கிட்டு இருக்கேன்" என்று கத்தினார். கத்தட்டும். பெண்ணுக்கு நலங்கு வைக்கிறோம், பேனாவுக்கு வைத்தால் மட்டும் குற்றமா?

ஒவ்வொரு துண்டையும் தின்னர் தொட்ட துணியால் மூன்று முறை துடைத்தேன். அவர் வாங்கிச் சரிபார்த்து, ஒட்டி, இறுக்கிக் கட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் உளி வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறடி, நிக்குது" என்றார்.

கோயிலில் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டதும், சாட்சிக் கையெழுத்துக்காகப் பராசக்தி பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடாமல் கட்டைவிரலால் அதை மேலும் கீழும் தடவிக்கொண்டே நின்றார். எங்கேயாவது துண்டு விட்டுப்போச்சோ என்று எனக்குத் திக்கென்றது.

"எது எங்கட மரம், எது உங்கட மரம் எண்டு கண்ணுக்குத்தான் தெரியுது, சம்மந்தி. கைக்குத் தெரியேல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தெரிஞ்சா அது என்னாங்க வேலை?" என்றார்.