வேர்த்த கண்ணாடிப் பெட்டி

என் தம்பி பெண்டாட்டியை நான் முள்ளுக்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் "என்ன அண்ணி?" என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பாள். கோபித்துக்கொள்ளவே தெரியாத ஜென்மம். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் நாலு சண்டையாவது வேண்டாமா? எனக்கு அந்தக் கொடுப்பினையே இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவாள். என் தம்பிக்கும் கண்ணாடிதான் பிழைப்பு. ஜன்னல், அலமாரி, மீன்தொட்டி என்று எது கேட்டாலும் அறுத்து ஒட்டிக் கொடுப்பான். அவள் கடைக்கு வந்த யாரோ ஒரு சின்னப் பூந்தொட்டியை மறந்துவிட்டுப் போனார்கள். தடித்த இலையோடு, கள்ளி ஜாதியில் ஒரு சக்குலன்ட். திரும்ப வந்து கேட்பார்கள் என்று வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் கேட்கவில்லை. அதிலிருந்துதான் அவளுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது; முள்ளுக்காரி என்று நான் பெயர் வைத்ததும் அதனால்தான்.

உடைந்த டீ கப், காது போன ஜாடி, குழிக் கரண்டி என்று ஒன்றை விடவில்லை, எல்லாவற்றிலும் செடி. அப்புறம் மண்ணே வேண்டாத ஏர் பிளான்ட் வந்தது. கடையில் கழித்துப்போட்ட பிரேம்களை எடுத்துவந்து, லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதைச் செருகி, ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருவம் புதராக மண்டிய கிழவர்கள் வரிசையாக நின்று என்னை முறைப்பது போலிருந்தது.

"இதென்னடி கண்ணராவி?"

"தாத்தாங்க அண்ணி. உங்களத்தான் பாக்கறாங்க."

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவள் வேறு ஆள். ஒரு நாள் நான் குடித்து மிச்சமிருந்த தண்ணீரை, பாவம் என்று ஒரு தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி! இதுங்க பாசத்துல செத்துப்போற ஜாதி." ஏர் பிளான்ட்டுகளை வாளியில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உதறி, துண்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றாடிக்கு அடியில் காயவிடுவாள். நடுவில் தண்ணீர் தங்கினால் உள்ளேயே அழுகிவிடுமாம். மேலே பச்சையாகத்தான் இருக்குமாம், தொட்டால் இலை இலையாகக் கழன்று வருமாம். பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி ஏற்றி, பாதி உடம்பாக வீட்டுக்கு அனுப்பினார்கள். "எதிர்ப்புச் சக்தி சுத்தமா இல்ல. ரூம்ல செடி, மண்ணு எதுவும் இருக்கக்கூடாது. ஒரு பூஞ்சை போதும்" என்றார் டாக்டர்.

"ஜன்னல்ல தொங்கறதுமா?" என்றாள் அவள்.

டாக்டர் ஆமென்றார். செடிகளையெல்லாம் தம்பி தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வந்தவள், வெறும் ஜன்னல் கம்பியைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தாள். அதை என் தம்பியால் தாங்க முடியவில்லை. கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னமோ செய்துகொண்டிருந்தான். சாப்பாடு கொண்டுபோன என்னைக்கூட உள்ளே விடவில்லை.

கடைசியில் ஆள் வைத்துத் தூக்கிவந்தான் ஒரு கண்ணாடிப் பெட்டியை. உள்ளே மெல்லிய கம்பியில் தாத்தாக்கள் எல்லாரும் தொங்கினார்கள். கீழே கப்பிலும் கரண்டியிலும் சக்குலன்ட்டுகள். மூலைக்கு மூலை சிலிக்கான் பசை. படுத்தால் பார்வைக்கு நேராக வைத்தான்.

"எறும்போட மூச்சுகூட வெளிய வராது. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், ஒட்டியிருந்தா வெச்சுக்கலாம்னுட்டார்" என்றான். "இனிமே தொறக்க முடியாதேன்னு தண்ணியும் நல்லா நனைய ஊத்திட்டேன்."

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி அது அப்படியே வெளிறிப்போனது. அப்புறம் சிரித்தாள்.

"கண்ணாடி இருக்கறதே தெரியலீங்க. அவ்ளோ அழகா இருக்கு."

கண்ணாடிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அவன் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அவன் கடைக்குப் போனதும் கேட்டேன். "என்னடி? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டே?"

"செத்துடும் அண்ணி. எல்லாமே. காத்து வேணும் அதுங்களுக்கு."

"அட பாவி! சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இரு, வரட்டும் அந்தத் தடிமாடு!"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை கொதித்தது. "வேணாம் அண்ணி. தொறந்தா வெளிய கொண்டுபோயிடணும். எனக்காக எதுவுமே செய்ய முடியலயேன்னு அவர் தவிச்சுட்டிருந்தார். இது ஒண்ணுதான் அவர் கையால முடிஞ்சுது. தன்னாலதான் செடியெல்லாம் செத்துச்சுன்னு அவருக்குத் தெரியவே கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

என் வாயில் எதுவும் தங்காது. ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை. சரியென்று தலையாட்டித் தொலைத்தேன்.

பெட்டிக்குள் வேர்க்க ஆரம்பித்தது. சக்குலன்ட் ஒன்று வேகவைத்த கத்தரிக்காய் போலக் குழைந்து சாய்ந்தது. தம்பி காலையில் எழுந்ததும் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துணியால் பளபளவென்று துடைப்பான். அவள் படுத்தபடி, "இன்னிக்கு அந்த மூணாவது தாத்தா கொஞ்சம் நிமிர்ந்துட்டார், பாருங்களேன்" என்பாள். அவனும் குனிந்து பார்த்து, "ஆமாமா, தளதளன்னு இருக்கார்" என்பான். இவனுக்குக் கண் அவிந்துபோச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். சொல்லியிருந்தால் அந்தச் செடிகளாவது பிழைத்திருக்கும்.

ஒரு மத்தியானம், அவன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, முள்ளுக்காரி போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கடையிலிருந்து பிளேடை எடுத்துவந்து, பெட்டியின் பசையை நிதானமாக அறுத்தான். முன்பக்கக் கண்ணாடி விலகியதும் குப்பென்று அழுகல் நாற்றம் அடித்தது. ஒரு பிரேமை எடுத்தான். செடி இலை இலையாகக் கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. 'நீ என்னடா பண்ணுவே, உனக்குத் தெரியாது' என்று சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்க்கா" என்றான் அவனே.

"என்னடா தெரியும்?"

"வெச்ச மறுநாளே உள்ள வேர்த்துச்சு. எத்தன மீன்தொட்டி ஒட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? உள்ள காத்து இல்ல. அன்னிக்கே தொறந்திருந்தா பொழச்சிருக்கும். ஆனா தொறந்தா வெளிய தூக்கிட்டுப் போகணும். அவ கண்ண எடுக்காம அதையே பாத்துட்டிருந்தா. தாத்தா நிமிர்ந்துட்டார்ங்கறா. எப்படிக்கா தூக்குவேன்?"

அட பாவிகளா! இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால், கடைசி நாட்களில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழவாவது செய்திருக்கலாமே! செத்த செடியை மாற்றி மாற்றிப் புகழ்ந்துகொண்டே அந்த நாட்களையெல்லாம் தீர்த்துவிட்டார்களே.

"அவளுக்குத் தெரியாதுல்லக்கா?" என்று கேட்டான். "கடைசிவரைக்கும் எல்லாம் உசுரோட இருக்குன்னுதானே நெனச்சா?"

அவளுக்கும் தெரியும் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அவளுக்கு என்னடா தெரியும், அசடு" என்றேன். "அப்படித்தான் நெனச்சா."

அப்போதுதான் அவன் அழுதான்.